உட்ஸ்டாக்கில் ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த தேசியகீதம்: கோபமா, பாசமா?

பழைய ரேடியோ

ரொம்ப நாளாக இதைக் கிளப்ப வேண்டும் என்று இருந்தேன். 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற ஊர்ப்பக்கம், மேக்ஸ் யாஸ்கரின் பால்பண்ணை நிலம். மூன்று நாளில் முடிய வேண்டிய உட்ஸ்டாக் ராக் இசை விழா மழையால் இழுத்துக்கொண்டே போய் நாலாம் நாளைத் தொட்டுவிட்டது. ஞாயிறு இரவே வாசித்திருக்க வேண்டிய அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலை ஒன்பது மணிவாக்கில்தான் மேடையேறினார். நாலு லட்சம் என்று சொல்லப்பட்ட கூட்டத்தில் பெரும்பகுதி வீட்டுக்குக் கிளம்பியிருந்தது. நிகழ்ச்சி முடியப்போகும் நேரத்தில், ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் நடுவே, அமெரிக்க தேசியகீதத்தை எலெக்ட்ரிக் கிதாரில் எடுத்தார். நாலு நிமிடம்கூட இருக்காது. யாரும் பாடவில்லை. கிதார், பின்னால் மிட்ச் மிட்செலின் டிரம்ஸ், அவ்வளவுதான்.

வியட்நாம் போருக்கு எதிராக ராக் இசையில் வந்த ஆகக் கடுமையான கண்டனம் அதுதான் என்பது என் கட்சி. ராக்கெட்டுகள் சிவப்பாக எரிவதைச் சொல்லும் வரி முடிந்ததும் கிதார் போடும் சத்தத்தைக் கேளுங்கள். விமானம் தாழ இறங்குகிறது, குண்டு விழுகிறது, ஜனங்கள் அலறுகிறார்கள். இதையும் தேசபக்தி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வாருங்கள், பேசுவோம்.

சுபேதார் (ஓய்வு)

தம்பி, நான் வேறு காரணத்துக்காக வருகிறேன். நீங்கள் சொல்கிற மாதிரி அது கண்டனம் என்றே வைத்துக்கொள்வோம். கண்டனத்துக்குத் தேசியகீதம்தான் கிடைத்ததா? எந்த நாட்டுக் கீதமானாலும் நின்று கேட்டுப் பழகியவன் நான். கூட்டுப் பயிற்சிக்கு வெளிநாட்டுப் படை வரும். அவர்கள் கீதம் ஒலித்தால் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் விறைப்பாக நிற்போம். எதிரில் நிற்பவன் அதற்காகச் சாகத் தயாராக வந்தவன் என்ற மரியாதை அது. போர் பிடிக்கவில்லை என்றால் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே வியட்நாமில் அதே கீதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்த பையன்களை நினைத்துப் பார்த்தாரா அவர்?

டிரம்ஸ் மணி

பாப்கார்ன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கறார் கணக்கு

ரேடியோ, சுபேதார் ஐயா, நீங்கள் இருவரும் சண்டை போடுவது போலத் தெரிகிறது, ஆனால் அது எதிர்ப்புதான் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. ஒருவர் அதற்குக் கைதட்டுகிறார், ஒருவர் கண்டிக்கிறார். வாசித்த ஆள் என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விழா முடிந்து சில வாரத்தில், 1969 செப்டம்பரில், டிக் கேவெட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஹெண்ட்ரிக்ஸ் வந்தார். இந்தக் கீதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் அமெரிக்கன், அதனால் வாசித்தேன், பள்ளிக்கூடத்தில் பாட வைத்தார்கள், அந்த ஞாபகம், என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். முறை தவறி வாசித்தீர்கள் என்பது போலக் கேவெட் சொன்னதும், இல்லை, எனக்கு அது அழகாகத்தான் இருந்தது என்றார். கேவெட்டே குறுக்கிட்டு, திட்டிக் கடிதம் எழுதப் போகிறவர்களே, இந்த மனிதர் ராணுவத்தின் 101-ஆம் ஏர்போர்ன் (பாராசூட் படை) டிவிஷனில் இருந்தவர் என்று நேயர்களுக்கு நினைவுபடுத்தினார்.

ஆம் ஐயா, அவர் சிப்பாய். 1961-ல் சேர்ந்தார், கென்டகியில் ஃபோர்ட் கேம்பல் முகாம், பாராசூட்டில் குதித்தவர். அந்த மேடையில் பேஸ் கிதார் வாசித்த பில்லி காக்ஸ் அதே முகாமில் கிடைத்த நண்பர். இன்னொரு கிதார்க்காரர் லாரி லீ வியட்நாமிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். ராணுவத்தில் இருந்த மூன்று பேர் நின்ற மேடை அது. 1967-ல் ஐரோப்பாவில் தந்த ஒரு பேட்டியில் ஹெண்ட்ரிக்ஸ் வியட்நாம் போரை ஆதரித்தே பேசியிருக்கிறார். அமெரிக்கா விலகினால் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்ற பழைய வாதம்தான்.

பழைய ரேடியோ

சிப்பாய்க் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. திருட்டுக் காரில் பிடிபட்டு, சிறையா பட்டாளமா என்ற நிலை வந்ததால் சேர்ந்தவர் அவர். மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவரை 1962-லேயே, ராணுவத்துக்கு ஒத்துவரமாட்டார் என்று மேலதிகாரிகள் எழுதி வெளியே அனுப்பினார்கள். கணுக்கால் உடைந்ததால் வந்துவிட்டேன் என்று பிற்பாடு அவர் சொல்லிக்கொண்டார். முகாமில் இருந்தபோதும் மனசெல்லாம் கிதாரில்தான்.

1967 பேட்டி சரி. அப்புறம் இரண்டு வருடம் என்ன நடந்தது? 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள். மறுநாள் நியூவார்க்கில் ஹெண்ட்ரிக்ஸுக்குக் கச்சேரி. 1969 ஏப்ரலில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படை 5,43,000. மே மாதம் ஹாம்பர்கர் ஹில் மலையில் 70-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். போனது எந்த டிவிஷன் தெரியுமா? அதே 101. பிடித்த மலையைக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். இதெல்லாம் நடந்த பிறகும் ஒரு மனிதன் 1967-லேயே நின்றுகொண்டிருப்பான் என்று எதிர்பார்க்கிறீர்களா?

இன்னொன்று. அதே 1969 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் கச்சேரியில் இதே கீதத்தைத் தொடங்கும் முன், நம் எல்லோரையும் மூளைச்சலவை செய்த பாட்டு என்று மைக்கில் சொன்னார். பதிவு இருக்கிறது. இதுவும் வாசித்த ஆள் சொன்னதுதானே?

கறார் கணக்கு

அது மேடைக் கிண்டல். நக்கலாகச் சொன்னதைச் சாசனமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய ரேடியோ

தொலைக்காட்சியில் சொன்னதை மட்டும் சாசனமாக எடுத்துக்கொள்ளலாமா? அந்த நேரத்தில் அவர் தலைக்கு மேல் வழக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மே மாதம் டொரோன்டோ விமான நிலையத்தில் ஹெராயின் வைத்திருந்ததாகப் பிடிபட்டு, டிசம்பரில்தான் விடுதலையானார். இந்த நிலையில் ஒரு கறுப்பின இளைஞன் நாடே பார்க்கும் நிகழ்ச்சியில் உட்கார்ந்துகொண்டு, ஆமாம், என் நாடு கொலை செய்கிறது, அதைத்தான் வாசித்தேன் என்றா சொல்வான்?

ஆறாம் கம்பி

பேட்டியையும் வழக்கையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நான் கிதார் வாசிப்பவன். கையில் நடப்பதைச் சொல்கிறேன்.

வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார். வலது கைக்காரர்களுக்குச் செய்த கிதாரைக் கவிழ்த்துப் பிடித்து, கம்பியை மாற்றிக் கட்டி இடது கையால் வாசித்தார். கவிழ்த்துப் பிடித்ததால் டிரெமலோ கைப்பிடி மேல்பக்கம் வந்துவிடுகிறது. அதை அமுக்கினால் எல்லாக் கம்பியும் ஒரே நேரத்தில் தளர்ந்து சுரம் பாதாளத்துக்கு இறங்கும். விமானம் விழுவது போல நமக்குக் கேட்பது அதுதான். கிதாரிலிருந்து மார்ஷல் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில் ஃபஸ் பெட்டி, வா-வா பெடல், யூனிவைப் என்று ஒலியை மாற்றும் கருவிகள் எல்லாம் உண்டு. ஆம்ப்ளிஃபயரை அலறவிட்டு அதன் முன்னால் நின்றால் ஸ்பீக்கர் சத்தமே திரும்பி வந்து கம்பியை அதிர வைக்கும். மீட்டாமலே சுரம் நீளும், திடீரென்று ஒரு படி மேலே தாவும். அடங்காத சாமான் அது. அடக்கி வைத்திருந்தார், அதுதான் வித்தை.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். முதல் வரிகளைக் கிட்டத்தட்ட நேராகவே, கொஞ்சம் கமகம் போல அசைத்து வாசிக்கிறார். ராக்கெட் வரி முடிகிறது, சத்தம் வெடிக்கிறது. குண்டு வரி வருகிறது, மறுபடியும் வெடிக்கிறது. இருட்டிலும் நம் கொடி அங்கேயே இருந்தது என்ற அடுத்த வரியை மறுபடி சுத்தமாக வாசிக்கிறார். அது முடிந்த கையோடு, கீதத்தில் இல்லாத ஒன்றைச் சொருகுகிறார்: டேப்ஸ். அமெரிக்க ராணுவத்தில் சவ அடக்கத்தின்போது ஊதும் பியூகிள் மெட்டு. கொடி அங்கேயே இருந்தது, அடுத்த நொடி சாவு மெட்டு. இதைவிடத் தெளிவாக ஒருவர் என்ன சொல்ல வேண்டும்?

சுபேதார் (ஓய்வு)

கம்பி தம்பி, நன்றாக விளக்கினீர்கள். ஆனால் அந்த டேப்ஸ் சவ அடக்கத்துக்கு மட்டும் ஊதுவது இல்லை. அவர்கள் முகாமில் ராத்திரி விளக்கணைக்கும்போதும் அதைத்தான் ஊதுவார்கள். பட்டாளத்தில் இருந்தவனுக்கு பியூகிள் என்பது வேறு. நாள் முழுக்க ஓடி, கத்தல் வாங்கி, கட்டிலில் விழும்போது காதில் விழுகிற சத்தம் அது. சேர்ந்த புதிதில் அதைக் கேட்டால் வீட்டு ஞாபகம் வரும், அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது. ஃபோர்ட் கேம்பலில் அந்தப் பையன் மாதக்கணக்கில் ராத்திரிதோறும் அதைக் கேட்டிருப்பான். கொடியைப் பற்றிய வரிக்குப் பிறகு அது கையில் வந்தால், செத்தவர்களுக்கு மரியாதை என்று ஏன் எடுக்கக் கூடாது? நீங்கள் குற்றச்சாட்டு என்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு இடம் மட்டும் வணக்கமாகக் கேட்டது. மீதி இரைச்சல்தான் என் பிரச்சினை.

டிரம்ஸ் மணி

ஐயா முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் திட்டுகிறார். மரியாதை.

மலர்விழி

நான் வரலாறு பாடம் எடுப்பவள். ஒரு விஷயம் விட்டுப்போகிறது. இந்தக் கீதமே குண்டுவீச்சைப் பற்றியது. 1814 செப்டம்பரில் பால்டிமோர் துறைமுகத்தில் மக்ஹென்றி கோட்டையைப் பிரிட்டிஷ் கப்பல்கள் விடிய விடிய அடித்தன. கப்பலில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பிரான்சிஸ் ஸ்காட் கீ என்ற வழக்கறிஞர். விடிந்ததும் கோட்டையில் கொடி பறப்பதைப் பார்த்து எழுதிய கவிதை இது. அதில் வரும் ராக்கெட்டும் குண்டும் அலங்காரம் இல்லை, கண்ணால் கண்டவை. ஆக, அந்த வரிகளில் குண்டுச் சத்தம் எழுப்புவது கவிதைக்குத் துரோகமே இல்லை. கூட்டம் கூட்டமாக நின்று இனிமையாகப் பாடுபவர்கள்தான் அதன் பயங்கரத்தை மறந்துவிட்டார்கள்.

ஆனால் ரேடியோ அண்ணனுக்கும் ஒரு குத்து. 1814-ல் குண்டு விழுந்தது அமெரிக்கர்கள் தலையில். 1969-ல் குண்டு போட்டது அமெரிக்க விமானங்கள். ஹெண்ட்ரிக்ஸ் எழுப்பிய சத்தம் இதில் எந்தக் குண்டு? கிதார் அதைச் சொல்வதில்லை. கேட்கிறவர் எந்த ஆண்டைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்கிறாரோ அந்தக் குண்டு.

சுபேதார் ஐயாவுக்கு: மெட்டும் அப்படியொன்றும் புனிதமாகப் பிறக்கவில்லை. லண்டனில் கனவான்கள் கூடிக் குடித்துப் பாடிய ஒரு சங்கத்தின் பாட்டு, ஜான் ஸ்டாஃபோர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் போட்ட மெட்டு. எதிரி நாட்டின் மெட்டில்தான் எதிரியை ஜெயித்த பாட்டு. அதையும் 1931-ல்தான் சட்டப்படி தேசியகீதம் ஆக்கினார்கள்.

சுபேதார் (ஓய்வு)

அம்மா, எங்கே பிறந்தது என்பது எனக்கு முக்கியம் இல்லை. அதற்கு எழுந்து நின்றவர்கள் எத்தனை தலைமுறை என்பதுதான்.

அயல்வாசி

நம்ம ஊரில் சினிமா தியேட்டரில் தேசியகீதம் போட்டபோது

இழைக் காவலர்

அயல்வாசி, அது வேறு இழை. இங்கே வேண்டாம், பத்தே நிமிடத்தில் அடிதடியாகிவிடும். உட்ஸ்டாக்கில் இருங்கள்.

கறார் கணக்கு

மலர்விழி மேடம் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். ராக்கெட் வரியில் ராக்கெட், குண்டு வரியில் குண்டு. பாட்டுக்குப் படம் வரைந்திருக்கிறார். சத்தம் முழுவதும் வரிகளுக்கு நடுவில்தான், மெட்டின் மேல் ஏறி அதைக் கேலி செய்யும் இடம் ஒன்றுகூட இல்லை. சுதந்திர பூமி என்று வரும் உச்ச சுரத்தை எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்கிறார்! கேலி செய்கிறவன் அந்த இடத்தில்தான் கைவைப்பான்.

உட்ஸ்டாக்குக்கு என்று யோசித்துச் செய்ததும் இல்லை. 1968 ஆகஸ்டிலிருந்தே மேடைகளில் வாசித்து வந்தார், 1969 மார்ச்சில் ஸ்டூடியோவில்கூடப் பதிவு செய்தார். செத்துப்போவதற்குச் சில வாரம் முன்பு வரை விடவில்லை. போரை எதிர்த்து நேரடியாகப் பேச நினைத்தபோது தனியாக மெஷின் கன் என்ற பாட்டையே எழுதினார். சுபேதார் ஐயா கேட்டது அதைத்தானே?

ஆறாம் கம்பி

மெஷின் கன்னை நீங்களே எடுத்ததற்கு நன்றி. 1970 புத்தாண்டில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நடந்த கச்சேரியில் அதை யாருக்குச் சமர்ப்பித்தார்? சிகாகோவிலும் மில்வாக்கியிலும் நியூயார்க்கிலும் சண்டை போடும் சிப்பாய்களுக்கு. கடைசியில், ஆமாம், வியட்நாமில் சண்டை போடுபவர்களுக்கும் என்று சேர்த்துக்கொண்டார். அந்த வரிசையைப் பாருங்கள். அவர் மனசில் இருந்த போர்க்களம் அமெரிக்கத் தெருக்கள். வியட்நாம் பின்னால் வருகிறது. உட்ஸ்டாக் கீதத்தை வியட்நாமோடு மட்டும் கட்டிப்போடுவதில் எனக்கே உடன்பாடு இல்லை. ரேடியோ, இதில் நான் உங்கள் பக்கம் முழுசாக இல்லை.

பழைய ரேடியோ

துரோகி.

மலர்விழி

இன்னொரு ஆளை இந்த இழையில் யாரும் சொல்லவில்லை. ஹோசே ஃபெலிசியானோ. 1968 அக்டோபர் 7, டெட்ராய்ட் மைதானம், பேஸ்பால் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த, கண் தெரியாத பாடகர், வயது 23. மடியில் கிதாரோடு ஸ்டூலில் உட்கார்ந்து கீதத்தை நாட்டுப்புறப் பாட்டும் சோல் இசையும் கலந்த மாதிரி மெல்லப் பாடினார். குண்டு இல்லை, அலறல் இல்லை. கொஞ்சம் மெட்டை வளைத்தார், அவ்வளவே. தொலைக்காட்சி நிலையத்துக்குத் திட்டி ஓயாமல் தொலைபேசி. பல வானொலிகள் அவர் பாட்டைப் போடுவதையே நிறுத்தின. என்னை வளர்த்த நாட்டுக்கு நன்றி சொல்லத்தான் பாடினேன் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கூப்பிட்ட வர்ணனையாளர் எர்னி ஹார்வெல்லுக்கே வேலை போயிருக்கும்.

நன்றி சொல்லப் பாடியவருக்கு அந்தக் கதி. குண்டு போட்டு வாசித்தவருக்கு அவ்வளவு இல்லை. ஏன் என்று யோசித்தால், பாட்டைவிட இடம்தான் காரணம். ஃபெலிசியானோ பாடியது நாடு முழுக்க நேரலை, பேஸ்பால் பார்க்க உட்கார்ந்த குடும்பங்களின் கூடத்தில். சிகாகோவில் போர் எதிர்ப்பாளர்களும் போலீஸும் மோதிய கலவரம் முடிந்து ஆறு வாரம்தான், டெட்ராய்ட் இனக்கலவரத்தில் எரிந்து ஒரு வருடம். ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது சேற்று வயலில், ஏற்கனவே அவர் பக்கம் இருந்தவர்கள் முன்னால். மற்ற ஜனங்கள் 1970-ல் மைக்கேல் வாட்லியின் ஆவணப்படம் தியேட்டருக்கு வந்த பிறகுதான் பார்த்தார்கள். அதிலும் ஆட்கள் போன பிறகு குப்பை மண்டிக் கிடக்கும் வயலைக் காட்டி அந்தக் கிதாரைக் கேட்கவைக்கிறார்கள். நம்மில் பாதிப் பேர் தலையில் இருக்கும் 'எதிர்ப்பு' அந்தப் படத்தொகுப்பு வைத்தது என்பது என் சந்தேகம்.

சுபேதார் (ஓய்வு)

இந்த ஃபெலிசியானோவை இப்போதுதான் தேடிக் கேட்டேன். இதற்கா கத்தினார்கள்? அவர் மெட்டை மாற்றினார், ஆனால் குனிந்துதான் மாற்றினார். மலர்விழி அம்மா, இதையும் அதையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

மலர்விழி

நீங்கள் இப்போது கேட்டதால் அப்படித் தோன்றுகிறது ஐயா. அன்றைக்குக் கத்தியவர்களில் உங்களைப் போல் முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அவர் குனிந்தது தெரியவில்லை, நீண்ட முடியும் கறுப்புக் கண்ணாடியும்தான் தெரிந்தது. 2018-ல் புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கு வாஷிங்டனில் நடந்த விழாவில் அதே ஃபெலிசியானோவைக் கூப்பிட்டு அதே கீதத்தைப் பாடவைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து.

டிரம்ஸ் மணி

பிரான்ஸிலும் ஒரு கூத்து உண்டு. பாடகர் செர்ஜ் கெய்ன்ஸ்பூர் 1979-ல் அவர்கள் கீதத்தை ஜமைக்காவின் ரெகே பாணியில் போட்டார். 1980 ஜனவரி, ஸ்ட்ராஸ்பூர் கச்சேரிக்கு முன்னாள் பாராசூட் படையினர் தகராறு செய்ய வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மனிதர் மேடையேறி, வாத்தியம் இல்லாமல், பழைய மெட்டிலேயே முஷ்டியை உயர்த்திப் பாடினார். தேசியகீதம் ஆயிற்றே, தகராறு செய்ய வந்தவர்கள் விறைப்பாக நிற்கவேண்டியதாகிவிட்டது. சுபேதார் ஐயா மன்னிக்க.

சுபேதார் (ஓய்வு)

இதில் மன்னிக்க என்ன இருக்கிறது? அவர்கள் செய்ததுதான் சரி. யார் பாடினாலும் நிற்க வேண்டும்.

பழைய ரேடியோ

அப்படியானால் ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தாலும் நிற்க வேண்டும்தானே ஐயா? மாட்டிக்கொண்டீர்கள்.

சுபேதார் (ஓய்வு)

நடுவில் வருகிற குண்டுக்கெல்லாம் எப்படித் தம்பி நிற்பது? பதுங்கத்தான் தோன்றும்.

டிரம்ஸ் மணி

இந்த இழையின் சிறந்த பதிவு.

கறார் கணக்கு

முடிப்பதற்குள் எதிர்ப்புக் கட்சிக்கு ஒரு கேள்வி. ஹார்லெமில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது ஹெண்ட்ரிக்ஸ் சொன்னதை ரேடியோ வசதியாக விட்டுவிட்டார். நாங்கள் எல்லோரும் அமெரிக்கர்கள், 'போ அமெரிக்கா' என்று உற்சாகப்படுத்துவது போலத்தான் அது, என்றார். அடுத்த வாக்கியத்தில், இன்றைக்கு அமெரிக்கக் காற்று எப்படி இருக்கிறதோ அப்படி வாசிக்கிறோம், காற்றில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, என்கிற அர்த்தத்தில் சொன்னார். முதல் பாதியை என்ன செய்யப் போகிறீர்கள்?

பழைய ரேடியோ

நீங்கள் இரண்டாம் பாதியை என்ன செய்கிறீர்களோ அதை.

ஆறாம் கம்பி

என்னைக் கேட்டால் இரண்டு பாதியும் ஒரே மூச்சில் வந்தது. கேலி இல்லாமல் மெட்டைக் காப்பாற்றினார் என்று கறார் சொன்னது சரி. அதனால்தான் அந்தக் குண்டுகள் வலிக்கின்றன. மெட்டை வெறுப்பவன் அதைப் போட்டு உடைத்திருந்தால் யாருக்கு என்ன?

கறார் கணக்கு

அழகாகச் சொன்னாலும் அது மழுப்பல்தான். 1970 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவு விழாவில் பிரிட்டன் கீதத்தையும் இதே பாணியில் வாசித்துத் தொடங்கினார். உங்கள் நாட்டுக்காகவும் நம்பிக்கைகளுக்காகவும் எழுந்து நில்லுங்கள் என்றார் ஜனங்களைப் பார்த்து. நிற்காதவர்களுக்கு ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு. அங்கே எந்தப் போரைக் கண்டித்தார்? கிதாரில் கீதம் வாசிப்பது அவருக்குப் பிடித்த வேலை. அதற்குமேல் நாம் ஏற்றிச் சொல்வது.

சுபேதார் (ஓய்வு)

எழுந்து நிற்கச் சொன்னாரா? இது எனக்குத் தெரியாதே. அந்தப் பதிவை யாராவது அனுப்புங்கள்.

பழைய ரேடியோ

அனுப்புகிறேன் ஐயா. கறார், நீங்களும் கூடவே கேளுங்கள். அந்தப் பதிவில் டேப்ஸ் எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், அப்புறம் மிச்சத்தைப் பேசலாம்.